எங்கள் ஒழுங்கையில் மூன்று பேர்: வன்னியில் இளவயதுப் புற்றுநோய் கூடுதலா?

கேள்வியை முதலில் என் பாஷையில் திருப்பிச் சொல்கிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். முல்லைத்தீவில் புதுக்குடியிருப்புப் பக்கம் உங்கள் ஒழுங்கையில் நாலு வருடத்துக்குள் மூன்று பேருக்குப் புற்றுநோய், மூவரும் நாற்பதுக்குக் கீழே. ஒருவருக்குத் தைரொயிட், ஒருவருக்கு மார்பு, மற்றவருக்கு நாக்கு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்கள் பெரியம்மா "எங்கட பக்கம் இப்பிடி இல்லையே" என்கிறார். 2009 இல் சண்டை முடிகிறபோது விழுந்த குண்டுகளின் நஞ்செல்லாம் இன்னும் மண்ணிலும் கிணற்றிலும் கிடக்கிறதா, அதுதான் இதைச் செய்கிறதா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வன்னியில் (முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார்) இளம் ஆட்களுக்கு உண்மையிலேயே கூடுதலா என்பது ஒன்று, கூடுதலென்றால் ஏன் என்பது மற்றது. சனம் எல்லாம் இரண்டாவதிலிருந்துதான் தொடங்கும். நான் முதலாவதில் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புற்றுநோய் வைத்தியர் இல்லை. சமூக மருத்துவம் படித்து, இருபது வருடத்துக்கு மேல் வன்னியில் சுகாதார வைத்திய அதிகாரியாகவும், பிறகு கணக்குப் பார்க்கிற கதிரையிலும் இருந்தவன். எந்த மருந்து நல்லது என்று கேட்டால் உங்கள் கிளினிக் டொக்டரிடம்தான் அனுப்புவேன். ஆட்களை எப்படி எண்ணுவது, எண்ணுகிறபோது எங்கே பிழைக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

எண்ணுவது லேசு என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். தேசிய புற்றுநோய்ப் பதிவேடு 1985 இல் தொடங்கியது. ஆனால் வன்னியில் ஒருவருக்குக் கட்டி வந்தால் சோதிக்கச் சதைத்துண்டு வெட்டி எடுப்பது ஓரிடம், அதன் முடிவு வருவது இன்னோரிடம், மருந்து ஏற்றுவது மூன்றாவது இடம். யாழ்ப்பாணம், தெல்லிப்பழை, அனுராதபுரம், கொழும்புப் பக்கத்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று ஆளும் அலைவார், அவருடைய காகிதமும் அலையும். ஒருமுறை பழைய கிளினிக் காகிதத் துண்டுகள் ஒரு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஆள், மூன்று துண்டு, மூன்று விலாசம். ஒன்றில் விசுவமடு, அடுத்ததில் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் (சிகிச்சைக்காக அக்கா வீட்டில் நின்றிருக்கிறார்), மூன்றாவதில் வெறுமனே "முல்லைத்தீவு". வயது ஒன்றில் 36, மற்றதில் 39. பெயரின் முதலெழுத்தும் ஒன்றில் மாறியிருந்தது. இவரை எந்த மாவட்டத்துக்கு எழுதுவது, ஒரு ஆள் என்று எழுதுவதா இரண்டா? பதிவேட்டில் இருப்பவர்கள் இதைச் சரிபார்க்கத்தான் செய்கிறார்கள், ஆனாலும் அக்கா வீட்டு விலாசம் ஒரு வன்னி ஆளை யாழ்ப்பாணத்தாராக்கிவிடும். அந்தத் துண்டைப் பார்த்த நாளிலிருந்து மாவட்டக் கணக்கு எதைப் பார்த்தாலும் அரைக்கண்ணால்தான் பார்க்கிறேன்.

மேலே நோயாளரின் எண்ணிக்கை, கீழே சனத்தொகை, இரண்டும் சரியாக இருந்தால்தான் வீதம் என்று ஒன்று வரும். வடக்கில் 1981 இல் முழுக் கணக்கெடுப்பு நடந்தது, அப்போது கிளிநொச்சி தனி மாவட்டமே இல்லை, அது யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது 1984 இல். 2001 கணக்கெடுப்பு இங்கே முழுமையாக நடக்கவில்லை. அடுத்த ஒழுங்கான கணக்கு 2012. அதில் யாழ்ப்பாணம் சுமார் 5,83,000, வவுனியா 1,72,000, கிளிநொச்சி 1,13,000, மன்னார் 99,000, முல்லைத்தீவு 92,000. இடையில் முப்பது வருடம் கீழ் எண்ணே கிடையாது. ஆகவே "முந்தி இந்த வருத்தம் இல்லை" என்று பழைய ஆட்கள் சொல்வதை எந்தக் கணக்கோடும் வைத்துப் பார்க்க முடியாது. சண்டைக் காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி ஒரு போத்தலுக்குள் சதைத்துண்டை அனுப்பி முடிவு எடுப்பதென்பது எவ்வளவு பாடு என்று அந்த நாட்களில் இங்கே நின்றவர்களுக்குத் தெரியும். "வயித்து வருத்தம்", "மஞ்சள் வருத்தம்" என்றுதான் பலரை எரித்தோம், புதைத்தோம். பிறகு, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. ஆட்கள் மகரகமவுக்குப் போகாமல் பக்கத்தில் போய்வரத் தொடங்கினார்கள். அதோடு ஊருக்குள் யாருக்கு என்ன என்பது தெரியவும் தொடங்கியது. நோய் கூடியதில் ஒரு பங்கு, கண்ணில் படுவது கூடியதாகவும் இருக்கும்.

சரி, எண்ணிக்கை முழுக்கச் சரி என்றே வைத்துக்கொள்வோம். உலக அளவில் 20 முதல் 39 வயதுக்குள் ஒரு வருடத்தில் இலட்சம் பேருக்குச் சுமார் 43 பேர் என்று 2012 ஆம் ஆண்டுக்கான கணக்கு ஒன்று இருக்கிறது. அதே அளவுதான் இங்கேயும் என்று உதாரணத்துக்கு எடுங்கள். முல்லைத்தீவில் அந்த வயதில் முப்பதாயிரம் பேர் இருந்தால் வருடத்துக்குப் பதின்மூன்று பேர் வரவேண்டும். ஆனால் பதின்மூன்று என்பது ஒவ்வொரு வருடமும் பதின்மூன்றாக வராது. ஒரு வருடம் எட்டு வரும், அடுத்த வருடம் பதினெட்டு வரும், அதற்கு எந்தக் காரணமும் வேண்டியதில்லை, தாயக்கட்டை உருட்டினால் வருகிற ஏற்ற இறக்கம்தான். அந்த எட்டையும் பதினெட்டையும் பக்கத்தில் வைத்தால் "ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல்" என்று ஒரு தலைப்பு எழுதலாம், அது பொய்யும் இல்லை. ஒழுங்கை அளவுக்கு இறங்கினால் இந்த ஆட்டம் இன்னும் மோசம்.

உங்கள் பெரியம்மாவின் பேச்சிலும் ஒரு பொறி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முதியவர்கள் அதிகம், இளம் ஆட்கள் பலர் வெளிநாட்டில். அங்கே புற்றுநோய் என்றால் எழுபது வயது அப்புவின் முகம்தான் நினைவுக்கு வரும். வன்னியில் சனம் இளமை. இரண்டு இடத்திலும் முப்பது வயதுக்காரருக்கு ஆபத்து சரியாகச் சமமாக இருந்தாலும், வன்னியில் பத்து நோயாளரில் இளையவர் கூடுதலாகத்தான் தெரிவார்கள். அதோடு உலகம் முழுக்கவே 20–39 வயதில் புற்றுநோய் வருபவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், காரணம் மார்பு, கருப்பைக் கழுத்து, தைரொயிட். சண்டைக்குப் பிறகு நம் ஊர்களில் அந்த வயதில் ஆண்கள் குறைந்து பெண்கள் மிஞ்சினார்கள். அதனால் "இளம் பொம்பிளைப் பிள்ளைகளுக்குத்தான் வருகுது" என்று ஊர் சொல்வதில் பாதி, யார் உயிரோடு மிஞ்சினார்கள் என்பதின் கணக்கு.

இப்படிச் சொன்னால், பிரதேச வித்தியாசம் என்பதே பொய் என்று நான் சொல்வதாக எடுக்கவேண்டாம். வித்தியாசம் இருக்கிறது, சில இடங்களில் பயங்கரமாக இருக்கிறது. துருக்கியில் கப்படோக்கியாப் பக்கம் கரைன் என்று ஒரு சிறு ஊர். அங்கே இறப்புகளில் பாதியளவு நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் ஒரே வகைப் புற்றுநோயால், மற்ற ஊர்களில் ஒரு டொக்டர் வாழ்நாளில் ஒன்றிரண்டு காணக்கூடிய வகை அது. கொஞ்சத் தூரத்தில் இருக்கும் பக்கத்து ஊரில் இல்லை. வீடு கட்டின கல்லில் எரியோனைட் என்ற நார்க் கனிமம் இருந்தது, சிறுவயதிலிருந்தே அந்தத் தூசைச் சுவாசித்திருக்கிறார்கள், சுவீடனுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கும் பின்தொடர்ந்து போய் வந்தது. இந்தியாவில் 2012–16 க்கான பதிவேட்டில் ஆண்களின் வீதம் மிசோரமின் அய்சாலில் இலட்சத்துக்கு 269, மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்–பீட் பக்கம் 39.5, எல்லா வயதும் சேர்த்து, வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு. அமெரிக்காவிலும் ஐம்பதுக்குக் கீழான ஆண்களின் பெருங்குடல் புற்றுநோய் இறப்பு தென் மாநிலங்களில்தான் குவிந்திருக்கிறது, வறுமையும் புகையும் உடம்பு எடையும் டொக்டரிடம் போக வசதியில்லாமையும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. பெருங்குடல் கதை மட்டும் பிரதேசத்தோடு முடியவில்லை, அங்கே 1990 அளவில் பிறந்தவருக்கு 1950 அளவில் பிறந்தவர் அதே வயதில் இருந்ததைவிடக் குடல் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்கு, மலக்குடலில் நாலு மடங்கு. ஏன் என்பதற்குச் சாப்பாடு, குடலில் வாழும் ஒருவகை பக்டீரியாவின் நஞ்சு என்று பல சந்தேகங்கள், முடிந்த விடை இல்லை.

கரைனோடு உங்கள் ஒழுங்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒரே உறுப்பில் ஒரே அரிய வகை. உங்களிடம் மூன்று உறுப்பு, மூன்று வெவ்வேறு நோய், மூன்றும் அந்த வயதில் வழக்கமாக வருகிறவை. ஒரே நஞ்சு மூன்றையும் செய்தது என்று நினைக்க இடம் குறைவு. நாங்கள் செய்வது என்னவென்றால், பனம்பழம் விழுந்த பிறகு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் கீறிவிட்டு, ஏன் வட்டத்துக்குள் மட்டும் விழுந்தது என்று கேட்கிறோம். வட்டத்தை முதலில் கீறிவிட்டுக் காத்திருந்தால்தான் அந்தக் கேள்விக்கு அர்த்தம்.

ஒவ்வொன்றாக எடுத்தால், தைரொயிட் இலங்கைப் பெண்களில் மார்புக்கு அடுத்தபடியாக நாடு முழுக்க இருக்கிறது, வன்னியின் சொத்து இல்லை. இதில் ஒரு பங்கு ஸ்கான் செய்வது கூடியதால் வருவது. தென் கொரியாவில் கழுத்து ஸ்கான் பரவலானபோது 1993 க்கும் 2011 க்கும் இடையில் தைரொயிட் புற்றுநோய் பதினைந்து மடங்கானது, அதனால் செத்தவர்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு வந்தது வழக்கமான வகை என்றால் பெரும்பாலும் முழு ஆயுளும் இருப்பார், இதை அவருடைய தாய்க்குச் சொல்லுங்கள். மார்பு நாற்பதுக்கு முன் வந்தால் முதலில் கேட்கவேண்டியது குடும்பத்தில் தாய், பெரியம்மா, சித்தி, அப்பாவின் சகோதரி யாருக்காவது இருந்ததா என்று. அப்பா பக்கத்தையும் கேட்கவேண்டும், அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நாக்கைப் பற்றித்தான் எனக்குக் கோபம் வருகிறது. இலங்கை ஆண்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு, காரணம் தெரியாத வருத்தம் இல்லை இது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்பது 1980 களிலேயே முடிவான விஷயம், புகையிலையே போடாத வெறும் பாக்கும் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் சொல்லிவிட்டது. புகையிலை கலந்த பாக்குப் பைக்கற்றுகளுக்கு 2016 இல் தடையும் வந்தது. ஆனால் புகையிலை கலந்த பாக்கான மாவா விற்கிற இடம் எது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். டிப்பர் ஓடுகிற பெடியன், நெல்லு வெட்டுக்கு மெஷின் ஓட்டுகிறவன், இரவுக்கடலுக்குப் போகிறவன், நித்திரை வராமலிருக்கக் கன்னத்துக்குள் ஒரு உருண்டை. பதினாறு வயதில் தொடங்கினவனுக்கு முப்பத்தைந்தில் கிட்டத்தட்ட இருபது வருடக் கணக்கு ஆகிவிடும், அவனுடைய வயதுதான் இளமை, வாய்க்கு இளமை இல்லை. கிளினிக்கில் நான் செய்கிற சோதனை ஒன்று: நடு மூன்று விரலையும் சேர்த்து நிமிர்த்தி, மேலும் கீழுமாக உங்கள் பற்களுக்கு நடுவே வையுங்கள். போனால் நல்லது. இரண்டு விரல்தான் போகிறது, கன்னத்தின் உட்பக்கம் தோல் இறுகி வெளிறி இருக்கிறது, கறி உறைப்பு முந்தியைவிடக் கூட எரிகிறது என்றால் பல் கிளினிக்குக்குப் போங்கள், அது புற்றுநோய் இல்லை, ஆனால் அதற்கு முந்திய படி.

இனி நீங்கள் உண்மையில் கேட்க விரும்பியது. குண்டு. இதில் எதைத் திடமாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று பிரித்துச் சொல்கிறேன். ஹிரோஷிமாவில் இரத்தப் புற்றுநோய் ஆறு எட்டு வருடத்தில் உச்சத்துக்குப் போனது, கட்டி வகைகள் பத்து வருடம் கழித்துத்தான் தலைகாட்டின. செர்னோபில் 1986 இல் வெடித்தது, பிள்ளைகளின் தைரொயிட் புற்றுநோய் 1990 அளவில் ஏறத் தொடங்கியது, பாலில் கலந்த கதிரியக்க அயடீன்தான் காரணம். சாதாரண பீரங்கிச் செல்லும் விமானக் குண்டும் அந்த அயடீனை விடுவதில்லை, அணு உலையும் அணுகுண்டும்தான் விடும். ஆகவே உங்கள் தைரொயிட் ஆளை 2009 க்குக் கட்டுவதற்கு எனக்கு வழி தெரியவில்லை. மற்றபடி காலக்கணக்கை மட்டும் பார்த்தால், அன்று ஏதாவது உடம்புக்குள் போயிருந்தால் அது வெளிவரக்கூடிய வருடங்கள்தான் இவை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் காலம் பொருந்துவது மட்டும் போதாது. என்ன பொருள், எவ்வளவு, யாருடைய உடம்பில் என்பதும் வேண்டும். வெடிமருந்தான ரி.என்.ரி. பற்றி அந்தப் புற்றுநோய் ஆய்வு முகவரகமே, மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. "இல்லை" என்று எழுதவில்லை, கவனியுங்கள்.

உடம்புக்குள் செல் துண்டோடு திரிகிறவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், "சேர், இது பிறகு கான்சராகுமோ?" எலிகளில் டங்ஸ்டன், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகத்தைப் புதைத்துப் பார்த்தபோது வந்தது. மனிதரில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டி வந்ததாக அங்கொன்று இங்கொன்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். துண்டு இருக்கும் இடம் புதிதாக வீங்கினால் காட்டுங்கள், மற்றபடி இதற்காக நித்திரையைக் கெடுக்கவேண்டாம். அதைவிட முக்கியமான ஒன்று: எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் துண்டு இருப்பதை முதலே சொல்லவேண்டும், கண்ணுக்குக் கிட்ட, முள்ளந்தண்டுக்குக் கிட்ட என்றால் கட்டாயம், காந்தம் இரும்பை இழுக்கும். உடைந்து நொறுங்கின அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றில்தான் எனக்குப் பயம். அது புற்றுநோய் தரும் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அது இருபது, முப்பது, நாற்பது வருடம் எடுக்கும், இன்றைய முப்பது வயதுக்காரருக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. இன்னமும் சீற்றை வாளால் அறுக்கிறவர்கள் நனைத்துவிட்டாவது அறுக்கவேண்டும்.

கிணறு பற்றி ஒரு வரி. நைத்திரேற்றுப் பிரச்சினை நன்றாக அளந்து எழுதப்பட்டிருப்பது யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளில், தோட்டத்து உரத்தால். வன்னியில் வவுனியாப் பக்கம் பேசப்படுவது சிறுநீரக வருத்தம். பெரியம்மாவுக்குச் சொல்லவேண்டாம், சண்டை வரும்.

எனக்கு வன்னியில் நிச்சயமாகத் தெரிந்த வித்தியாசம் வேறு. முல்லைத்தீவில் ஒரு தங்கச்சி, முப்பத்துநாலு வயது, கைக்குழந்தை. மார்பில் கட்டி. "பால்கட்டி" என்று தாய் சொல்லி, நல்லெண்ணெய் பூசி, பிறகு பிள்ளை பால் மறந்ததும் போகும் என்று பார்த்து, பிறகு நெல்லு வெட்டு முடியட்டும் என்று பார்த்து, எட்டு மாதம். மருத்துவமாது மிஸ் வீட்டுக்குப் போனபோதுதான், வெளியே வந்து வேலியடியில் நின்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். கிளினிக்குக்குப் போவதென்றால் விடிய முதல் பஸ், இரண்டு இடம் மாறி, இரவுதான் வீடு, பிள்ளையை யார் பார்ப்பது? இதை நான் ஒரு ஆளில் காணவில்லை, வருடக்கணக்காகக் கண்டேன். இளம் ஆள் என்பதால் டொக்டர்மாரும் கட்டியை நம்புவதில்லை, மலத்தில் இரத்தம் போனால் "மூலம்" என்று ஒரு களிம்போடு விட்டுவிடுவோம், நானும் விட்டிருக்கிறேன். இரத்தத்தோடு எடையும் குறைந்து மலம் போகிற வழக்கமும் மாறினால் முப்பது வயதென்றாலும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் (கொலனொஸ்கோப்பி) சொல்லிக் கேளுங்கள். முப்பத்தைந்து வயதான பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை காசில்லாமல் செய்கிறார்கள். 2017 இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அதற்கான தடுப்பூசியும் இருக்கிறது, "பிள்ளை பிறக்காது" என்ற கதையைக் கேட்டு மறித்துவிடாதீர்கள்.

வன்னிக்குக் கூடவா என்பதற்கு ஒழுங்கான விடை வேண்டுமென்றால், நாலு மாவட்டத்தையும் சேர்த்து, ஐந்தாறு வருடத்தை ஒன்றாகக் கூட்டி, வயதுவாரியாகப் பிரித்து, நிரந்தர விலாசத்தைப் பார்த்து, 2024 கணக்கெடுப்பைக் கீழ் எண்ணாக வைத்துச் செய்யவேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை. உங்களால் முடிந்தது ஒன்றிருக்கிறது. ஒரு கொப்பி எடுங்கள். ஆளுடைய வயது, எந்த உறுப்பு (துண்டுச் சோதனை முடிவில் இருக்கிறபடி, ஊர் சொல்கிறபடி இல்லை), எந்த வருடம் தெரியவந்தது, அந்த ஒழுங்கைக்கு எப்போது வந்தவர், முன்பு எங்கே இருந்தவர், வெற்றிலை, சுருட்டு, தொழில். அவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். அதை உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கையில் கொடுத்து, வாங்கினதற்கு ஒரு திகதி முத்திரை கேளுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் ஒழுங்கையில் மொத்தம் எத்தனை வீடு, எத்தனை பேர், அதில் நாற்பதுக்குக் கீழே எத்தனை பேர் என்பதை எழுத மறக்கவேண்டாம். இதுவரை என்னிடம் வந்த இப்படியான பட்டியல்களில் ஒன்றில்கூட அது இருந்ததில்லை.